கிரேஸி எடி: அந்த வரிப்பணம் யாருடையது?

கணக்குப்பிள்ளை:
நேற்று நியூஜெர்சி நாகு எழுதியதைப் படித்தபிறகு எனக்குக் காப்பி இறங்கவில்லை. "நியூயார்க்கில் 'கிரேஸி எடி' என்ற டிவி, ஸ்டீரியோ கடையை நடத்திய எடி ஆன்டார் அரசாங்கத்தைத்தான் ஏமாற்றினார், வாங்க வந்தவர்களிடம் ஒரு காசுகூடத் திருடவில்லை, ஏழை வீட்டுக்கு ஸ்டீரியோ கொண்டுவந்த மகராசன்" என்கிறார். மகராசனாம்! எடி ஆன்டாரும் குடும்பமும் கல்லாவில் விழுந்த ரொக்கத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் காட்டாமலே எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் விற்பனை வரியும் அடக்கம். வாங்கியவர் "இது வரி" என்று நம்பி எண்ணி வைத்த பணம் அது. வீட்டுக்குப் போனால் அது யாரிடம் அடித்த பணம்? நாகு இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும், போதும்.

நியூஜெர்சி நாகு:
வாருங்கள் ஐயா, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். 1985இல், நான் அமெரிக்கா வந்த முதல் குளிர்காலத்தில், அந்தக் கடைக்குப் போனேன். இரட்டை கேசட் டெக் ஒன்று வேண்டும். வேறொரு கடையின் விளம்பரத்தைச் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து எடுத்துப்போயிருந்தேன். விற்பனையாளர் அதை வாங்கிப் பார்த்தார். அட்டையில் இருந்த விலையைப் பேனாவால் அடித்தார், அதற்கும் கீழே ஒரு விலை எழுதினார். அந்த டெக் பதினாறு ஆண்டு ஓடியது. என்னை யார் ஏமாற்றினார்கள்? வரியோடு சேர்த்து எவ்வளவு கொடுத்தேனோ அதற்கான பொருள் என் கைக்கு வந்துவிட்டது. வரி ஆல்பனியில் இருக்கும் மாநில அரசுக்குப் போனால் என்ன, எடி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போனால் என்ன, என் பாக்கெட்டிலிருந்து போனது ஒரே தொகைதானே?

கணக்குப்பிள்ளை:
கேட்டது ஒன்று, வந்த பதில் வேறு. டெக் எத்தனை ஆண்டு ஓடியது என்று நான் கேட்கவில்லை. வரிப்பணம் யாருடையது?

மயிலை மீனா:
கதை தெரியாதவர்களும் படிக்கிறார்கள், இரண்டு வரி நான் சொல்லிவிடுகிறேன். எடி ஆன்டார், சிரியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் பிள்ளை. 1970களின் தொடக்கத்தில் புரூக்ளினில் ஒரு சின்னக் கடை. டிவி, ஸ்டீரியோ, பிறகு இசைத்தட்டு, கேசட். 1984இல் பங்குச்சந்தைக்கு வந்தது, ஒரு பங்கு எட்டு டாலர். உச்சத்தில் 43 கடைகள். 1989இல் திவால். எடி இஸ்ரேலுக்கு ஓடிப்போய் வேறு பெயரில் வாழ்ந்தார், 1992இல் பிடிபட்டார். இனி நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளலாம்.

ரேடியோ ராசு:
விளம்பரத்தை விட்டுவிட்டீர்களே அம்மா. டிவியில் எடியே வந்து கையை ஆட்டி, கண்ணை உருட்டி, "எங்கள் விலை பைத்தியக்கார விலை" என்று கத்துவார். அந்தக் கத்தல்தான் கடையையே கட்டியது.

கணக்குப்பிள்ளை:
அது எடி இல்லை. ஜெரி கரோல் என்ற வானொலி அறிவிப்பாளர். எடி கேமரா முன்னால் வராத மனிதர். இதுகூடத் தெரியாமல் ஒரு கருத்து.

ரேடியோ ராசு:
நியூயார்க்கில் பாதிப் பேர் அவரைத்தான் எடி என்று நினைத்திருந்தார்கள். நான் ஒருவன் நினைத்தது குற்றமா? திருத்துவதையும் மரியாதையாகத் திருத்தலாம்.

நியூஜெர்சி நாகு:
ராசு, விடுங்கள். இவர் திருத்துவார், ஆனால் தன்னைத் திருத்திக்கொள்ள மாட்டார். சரி ஐயா, நீங்கள் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். 1975 வரை அமெரிக்காவில் பல மாநிலங்களில் தயாரிப்பாளர் குறித்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. பெயர் 'நியாய வணிகம்'. நியாயம் யாருக்கு? கம்பெனிக்கு. எடி அதை மதிக்கவில்லை. கம்பெனிகள் சரக்கை நிறுத்தியபோது சுற்றுவழியில் சரக்கு எடுத்து, குறைத்தே விற்றார். தொழிலாளி வீட்டில் ஸ்டீரியோ ஒலித்தது என்றால் அதில் அவருக்குப் பங்கு உண்டு. அந்தச் சட்டத்தை உடைத்ததற்காக அவர்மீது கோபம் வேண்டுமா, சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
குறைத்து விற்க அவரால் எப்படி முடிந்தது என்று யோசித்தீர்களா? கூலியில் ஒரு பகுதியைக் கணக்கில் வராத ரொக்கமாகக் கொடுத்தார்கள். வரியைக் கட்டவில்லை. பக்கத்துத் தெருவில் ஒழுங்காக வரி கட்டிய கடைக்காரர் எப்படி அந்த விலைக்கு விற்பார்? உங்கள் டெக்கின் விலையில் அடித்துக் குறைத்த அந்தத் தொகை, யாரோ கொடுத்த வரிப்பணம். இப்போது சொல்லுங்கள், அது யாருடையது?

மயிலை மீனா:
ஐயா, இதில் உங்கள் வாதமே உங்கள் காலை வாருகிறது. வரிப்பணம் விலைக்குறைப்பாகத் திரும்பி வந்தது என்றால், வாடிக்கையாளருக்கு லாபம் என்றுதானே ஆகிறது? நாகுவும் அதைத்தான் சொல்கிறார்.

கணக்குப்பிள்ளை:
மீனா, நீங்கள் யார் பக்கம்?

மயிலை மீனா:
நான் யார் பக்கமும் இல்லை. படிக்கிறேன்.

நியூஜெர்சி நாகு:
நன்றி மீனா. ஆக, வாங்க வந்தவர்களிடம் ஒரு காசுகூடத் திருடவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஒரு காசு என்ன, பழைய பொருளைப் புதிது என்று விற்றதை யாரிடம் சொல்வது? கடையில் காட்சிக்கு வைத்த பெட்டியைத் துடைத்து, மீண்டும் பேக் செய்து, புதிதாக விற்றதை எடியின் ஒன்றுவிட்ட சகோதரர் சாம் ஆன்டாரே பிற்காலத்தில் மேடை மேடையாகச் சொன்னார். கம்பெனியின் நிதித் தலைவர் அவர்தான். உங்கள் டெக் புதிதுதானா என்று எப்போதாவது திறந்து பார்த்தீர்களா?

நியூஜெர்சி நாகு:
அரசுத் தரப்புக்குச் சாட்சியாகி, சிறைக்குப் போகாமல் வீட்டுக்காவலோடு தப்பிய சாமின் பேச்சை வேதமாக எடுத்துக்கொள்கிறீர்கள். இருக்கட்டும். அந்தச் சாம் இன்னொன்றும் சொன்னார், அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஆடிட்டர்களைப் பற்றி.

கணக்குப்பிள்ளை:
தொடங்கிவிட்டார்.

நியூஜெர்சி நாகு:
தொடங்கத்தான் வேண்டும். இங்கே எல்லோருக்கும் நீங்கள் நாற்பது ஆண்டு ஆடிட்டர் என்பது தெரியும், மாதம் ஒருமுறை நீங்களே சொல்கிறீர்கள். சாம் சொன்னது இதுதான்: கிடங்கில் சரக்கு எண்ணும் நாள். இளைய ஆடிட்டர் நல்ல உடை போட்டு வந்திருக்கிறார். மேலே தூசி. கடைப் பையன் "நீங்கள் ஏற வேண்டாம், நான் எண்ணிச் சொல்கிறேன்" என்று அடுக்கின்மேல் ஏறி ஓர் எண்ணைக் கூவுகிறான். இவர் கீழே நின்று எழுதிக்கொள்கிறார். கூவிய எண்ணுக்கும் இருந்த பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில் தாள்களில் எண்கள் திருத்தப்பட்டன. இதற்குக் கட்டணம் வேறு. 1987 நவம்பரில் கம்பெனியை வெளியார் கைப்பற்றி உள்ளே போய்ப் பார்த்தால், கணக்கில் இருந்த சரக்கில் 65 மில்லியன் டாலர் அளவுக்குக் காணோம். பங்கு வாங்கியவர்களைக் கவிழ்த்தது எடி மட்டும்தானா? உங்கள் இனத்தாருக்குப் பங்கில்லையா?

கணக்குப்பிள்ளை:
"உங்கள் இனத்தார்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். நான் எண்ணிய கிடங்கில் நானே ஏறினேன். 1983இல் ஈரோட்டில் ஒரு நூல் கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு பிசகியது, இன்றும் மழைக்கு வலிக்கிறது. யாரோ ஒரு சோம்பேறி ஏறவில்லை என்பதற்காகத் தொழிலையே பழிக்காதீர்கள்.

ரேடியோ ராசு:
ஜெரி கரோல் என்று சொன்னவர் ஏணிக் கதைக்கும் ஆதாரம் காட்டுவாரா?

கணக்குப்பிள்ளை:
ராசு, நீங்கள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறீர்களா?

மயிலை மீனா:
எனக்கு இதில் வியப்பாக இருப்பது வேறு ஒன்று. பங்குச்சந்தைக்கு வருவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அவர்கள் திருடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். திருடிய பணம் கணக்குக்கு வர வர, லாபம் ஆண்டுதோறும் ஏறுவதுபோலத் தெரிந்தது. வியாபாரம் அந்த வேகத்தில் வளரவே இல்லை. பிறகு அதுவும் போதாமல், இஸ்ரேல் வங்கியில் ஒளித்த பணத்தைப் பனாமா வழியாகத் திரும்பக் கொண்டுவந்து விற்பனையாகக் காட்டினார்கள். திருடிய பணத்தைத் தன் கடைக்கே திருப்பித் தந்து ஏமாற்றியவர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

நியூஜெர்சி நாகு:
பார்த்தீர்களா, வரிப்பணம் கம்பெனிக்கே திரும்பி வந்துவிட்டது!

கணக்குப்பிள்ளை:
அரசுக்கு வந்ததா? வாங்கியவருக்கு வந்ததா? பங்கு விலையை ஏற்றி, தன் பங்கை விற்றுக் கோடிகளாக எடுத்துக்கொள்ளத் திரும்பி வந்தது. நாகு அவர்களே, நீங்கள் டி.நகரில் பில் இல்லாமல் குளிர்சாதனப் பெட்டி வாங்கியதை மூன்று ஆண்டுக்கு முன் இங்கேயே பெருமையாக எழுதினீர்கள். எனக்கு மறதி இல்லை. அதனால்தான் எடி உங்களுக்கு மகராசன்.

நியூஜெர்சி நாகு:
அது என் மைத்துனன் வாங்கியது. மூன்று ஆண்டாக இதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தீர்களா? பில் போட்டு வாங்கிய அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே கடை உத்தரவாத அட்டையில் முத்திரை வைக்காமல் அலையவைத்தது, அதையும் எழுதினேன். அது நினைவில் இல்லை, இல்லையா?

கணக்குப்பிள்ளை:
கடைசி முறையாகக் கேட்கிறேன். வரிப்பணம் யாருடையது?

நியூஜெர்சி நாகு:
கடைசி முறை என்று இதற்கு முன்பும் சொன்னீர்கள்.

மயிலை மீனா:
சொல்லவில்லை, இதுதான் முதல் கடைசி முறை.

கணக்குப்பிள்ளை:
1993இல் குற்றவாளி என்று தீர்ப்பு, பிறகு பன்னிரண்டரை ஆண்டு சிறை. நீதிபதி சார்பு காட்டினார் என்று மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1996இல் எடி தானே குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவரே வாயை மூடிக்கொண்டார், நாகுதான் இன்னும் வழக்கு நடத்துகிறார்.

நியூஜெர்சி நாகு:
ஒப்புக்கொண்டது பங்குச்சந்தை மோசடியை. என் டெக்கைப் பற்றி யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

புதியவன்:
வணக்கம். பழைய இரட்டை கேசட் டெக் ஒன்று வைத்திருக்கிறேன், ரப்பர் பெல்ட் நீண்டுபோய்விட்டது, பாட்டு இழுத்து இழுத்துப் பாடுகிறது. சென்னையில் பெல்ட் எங்கே கிடைக்கும்?

ரேடியோ ராசு:
ரிச்சி தெருவில் பாருங்கள் தம்பி. பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், அளவு பார்த்துத் தருவார்கள்.

கணக்குப்பிள்ளை:
பில் கேட்டு வாங்குங்கள்.

நியூஜெர்சி நாகு:
பெல்ட்டுக்குப் பில்லா?

கணக்குப்பிள்ளை:
ஏன், பெல்ட்டுக்கு வரி இல்லையா?