அரைப் பொருத்தத்தில் ஸ்டெம் செல் மாற்று செய்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் அக்கா மகனுக்குத் தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய். ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை வேறொருவரிடமிருந்து எடுத்து ஏற்றும் ஸ்டெம் செல் மாற்றுதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு எச்.எல்.ஏ (தன் செல் எது, பிறர் செல் எது என்று உடம்பு அடையாளம் காணும் குறிகள்) பொருந்த வேண்டும். எச்.எல்.ஏ மரபணுக்கள் 6-ஆவது குரோமோசோமில் கொத்தாக இருக்கின்றன, அப்பாவிடமிருந்து ஒரு கொத்து, அம்மாவிடமிருந்து ஒரு கொத்து என்று வருவதால் கூடப் பிறந்தவருக்கு முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்புதான். இவன் தங்கைக்குப் பொருந்தவில்லை, ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டிலும் யாரும் கிடைக்கவில்லை. சரி, அப்பாவிடமிருந்தே அரைப் பொருத்தத்தில் எடுக்கலாம் என்றார்கள்.

ஆனால் சிறுவயதிலிருந்து ரத்தம் ஏற்றியே வளர்ந்த பிள்ளை. அதனால் பிறருடைய எச்.எல்.ஏ-வுக்கு எதிராக உடம்பில் ஆன்டிபாடி உருவாகிவிடுமாம், அது அப்பாவின் எச்.எல்.ஏ-வையே குறிவைத்தால் ஏற்றும் செல்கள் நிலைக்காமல் போகலாம். ரிப்போர்ட்டில் ‘டி.எஸ்.ஏ பாசிட்டிவ்’, அதாவது கொடுப்பவரின் எச்.எல்.ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது என்று வந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை.

இப்படி பாசிட்டிவ் வந்தும் மாற்று செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பிளாஸ்மா மாற்றி ஆன்டிபாடியைக் குறைத்தார்களா? அதன் பிறகு செல்கள் பிடித்தனவா? அல்லது அம்மாவுக்கு எதிராக ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவரிடமிருந்து எடுத்தார்களா? டாக்டரிடம் வேறு என்ன கேட்க வேண்டும்?

அப்புறம், ஆரோக்கியமாக இருக்கும் இளைஞர்கள் சென்னையில் உள்ள தாத்ரி போன்ற பதிவேட்டில் பெயர் கொடுங்கள். பதிவு செய்யக் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தாலே போதும்.