விமான இறக்கையிலிருந்து ஒன்று கழன்று போனது. பொறுப்பு யாருடையது?

கோட்டையூர் மகள்:
கார்த்திகை மாதம் எங்க ஆத்தா சிங்கப்பூரில் தங்கச்சி வீட்டிலிருந்து திருச்சிக்குத் திரும்பினார்கள். இருக்கை 21 எஃப், வலது இறக்கைக்குப் பின்னால் சன்னலோரம். இறங்கப் போகிற நேரத்தில் இறக்கையின் பின்பகுதி விரிந்ததும், அதன் ஓரத்தில் கறுப்புப் பட்டை மாதிரி ஒன்று, ஒரு முழம் இருக்குமாம், கழன்று படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதைக் காணோம். பணிப்பெண்ணைக் கூப்பிட்டால், பெல்ட்டைப் போடுங்கள் பாட்டி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏர்லைனுக்கு மெயில் அனுப்பினேன். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று இரண்டு வரி வந்தது. விமானம் செய்த கம்பெனிதான் பொறுப்பு என்கிறார் கொழுந்தனார். ஏர்லைன்தான் என்கிறார் வீட்டுக்காரர். மாசியில் தங்கச்சிக்குப் பிரசவம். "எங்க ஐயா நாகப்பட்டினத்துல கப்பலேறித்தான் பினாங்கு போனாக. கப்பல் இருந்தா சொல்லு, வர்றேன்" என்று ஆத்தா உட்கார்ந்துவிட்டார்கள். உண்மையில் யாரைக் கேட்பது?

தேவகோட்டை வக்கீல்:
பயணிக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியது ஏர்லைன். பன்னாட்டு விமானப் பயணத்தில் இழப்பீடு பற்றிய 1999-ஆம் வருட மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது, சிங்கப்பூரும் இருக்கிறது. விமானத்தில் நடந்த விபத்தால் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால், தவறு யாருடையது என்று பயணி நிரூபிக்க வேண்டியதே இல்லை. 2024 டிசம்பர் 28 முதல் ஒருவருக்கு 1,51,880 எஸ்.டி.ஆர். வரை (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு அது) "எங்கள் தவறு இல்லை" என்று ஏர்லைன் நழுவ முடியாது. அந்தப் பணத்தைத் தயாரித்தவரிடமோ பழுது பார்த்தவரிடமோ வசூலிப்பது அவர்கள் பாடு. வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம். ஆனால் உடம்பில் காயம் இல்லாமல் பயம் மட்டும் என்றால் இதில் இழப்பீடு கிடைக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கானாடுகாத்தான் பழைய மெக்கானிக்:
ஆச்சி, நான் வளைகுடாவில் 31 வருடம் விமானப் பராமரிப்பு வேலை பார்த்தவன். ஆத்தா பார்த்தது அநேகமாக ஃப்ளாப், அதாவது இறக்கையில் விரிகிற அந்தப் பின்பகுதி, அதன் ஓரத்து ரப்பர் சீல். எந்தச் சின்ன உறுப்பு இல்லாமல், என்ன கட்டுப்பாட்டோடு பறக்கலாம் என்று ஒவ்வொரு ரக விமானத்துக்கும் சி.டி.எல். என்று ஒரு பட்டியலே உண்டு. இறக்கைக்கு ஆபத்து வந்திருக்காது. முதலில் இதை ஆத்தாவிடம் சொல்லுங்கள்.

அதற்காக விட்டுவிடச் சொல்லவில்லை. 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவில் போர்ட்லாண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில், கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைத்திருந்த தகடு அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. விமானத்தில் 177 பேர். நல்லவேளை, யார் உயிரும் போகவில்லை. அந்தத் தகட்டைப் பிடித்திருக்க வேண்டிய 4 போல்ட்டும் அங்கே இல்லை. ரிவெட் (தகடுகளை இணைக்கிற ஆணி) சரிசெய்வதற்காகப் போயிங் தொழிற்சாலையில் அதைத் திறந்திருக்கிறார்கள். திறந்ததற்கு ஒரு தாள்கூட எழுதவில்லை. எழுதாததால் மூடியபோது சரிபார்க்கவும் ஆள் வரவில்லை. அந்த மாதிரி போல்ட்டில் நட்டின் பள்ளத்தில் காட்டர் பின்னை நுழைத்து, அதன் இரண்டு காலையும் விரித்து மடக்க வேண்டும். சுண்டுவிரல் நீளம்கூட வராத கம்பி. 2025-இல் விசாரணை முடிந்தபோது பழியை ஒரு தொழிலாளி தலையில் கட்டவில்லை. சரியான பயிற்சியும் மேற்பார்வையும் தராத போயிங்கைச் சொன்னார்கள், அதைக் கண்காணிக்கத் தவறிய அரசு அமைப்பையும் சொன்னார்கள்.

எங்க அப்பச்சி பெட்டியடியில் கணக்கெழுதியவர்கள். பேரேட்டில் ஏறாதது நடக்கவே இல்லை என்பார்கள். விமான வேலையும் அப்படித்தான்.

என் கதை ஒன்று சொல்கிறேன், இதுவரை வெளியில் சொன்னதில்லை. ஒரு ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ் ஏறப் போனேன். வயிற்றுப்பக்கப் பேனலில் கடைசி வரிசைத் திருகுகளை முறுக்கினேனா என்று ஒரு சந்தேகம். திரும்பி ஓடினேன். இரண்டு திருகு விரலால் சுற்றிய இறுக்கத்திலேயே நின்றது. தொட்டதும் சுழன்றது. ஆனால் தாளில் என் கையெழுத்து விழுந்திருந்தது. அது அப்படியே கிளம்பியிருந்தால் முதல் பொறுப்பு நான்தான். நாலு மணி நேர வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னவருக்கும் அதில் பங்கு உண்டு. அவர் கையெழுத்து எந்தத் தாளிலும் இருக்காது. அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே இழப்பீடு கேட்காதீர்கள், தாளைக் கேளுங்கள். தேதி, விமான எண், இருக்கை, எந்தப் பக்க இறக்கை என்று எழுதி, இந்தக் குறை டெக் லாகில் (விமானத்தின் பழுதுகளை எழுதும் பதிவேடு) ஏறியதா, யார் சரிசெய்து கையெழுத்துப் போட்டார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள், விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வுக்கும் எழுதுங்கள்.

கோவிலூர் பக்கம்:
செட்டிநாட்டுப் போர்க்கால ஓடுபாதைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். விமானம் வராத பாதை, என்ன கிடந்தாலும் கவலையில்லை. திருச்சி அப்படியா? கழன்ற துண்டு எங்கே விழுந்தது என்பதும் முக்கியம். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்களே, அதற்குச் சற்று முன் கிளம்பிய வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்த உலோகப் பட்டைதான் அதன் டயரைக் கிழித்தது. பட்டையைப் பொருத்திய மெக்கானிக்கையும் அந்த ஏர்லைனையும் 2010-இல் நீதிமன்றம் தண்டித்தது. 2012-இல் மேல்முறையீட்டில் அந்தக் குற்றத்தீர்ப்பு ரத்தானது. இது ரப்பர்தான் என்றாலும் கட்டாயம் எழுதுங்கள், ஆச்சி.

கோட்டையூர் மகள்:
எல்லாருக்கும் நன்றி. மெக்கானிக் அண்ணன் சொன்ன மாதிரியே எழுதி நேற்று அனுப்பிவிட்டேன். திருகு விஷயத்தை ஆத்தாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். "திரும்பி ஓடுனாரா?" என்று மட்டும் கேட்டார்கள். மாசி டிக்கெட்டைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. பிரசவ லேகியம் கிளறச் சுக்கும் திப்பிலியும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள்.