பேனிக் அளவுகோல் தமிழாக்கம்: 5ஆம் கேள்வி மட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது

வெள்ளைக்கோட்டு: மதுரையில் மனநல நர்சிங் எம்.எஸ்சி. படிக்கிறேன். பேனிக் நோயின் (திடீர் திடீரென்று பீதி தாக்கும் நோய்) தீவிரத்தை அளக்கும் பி.டி.எஸ்.எஸ். என்ற கேள்வித்தாளைத் தமிழில் சரிபார்ப்பதுதான் தீசிஸ். 7 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 28. மூலம் 1997இல் வந்தது. நான் எடுத்திருப்பது நோயாளியே நிரப்பும் 2002 வடிவம். அனுமதி வாங்கியாச்சு. இருவர் தமிழாக்கினார்கள், மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பினார்கள். திருப்பியதும் மூலமும் அச்சு அசலாகப் பொருந்தின.

ஆனால் 30 பேரிடம் கொடுத்துப் பார்த்ததில் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்; 0.7ஆவது வேண்டும்) 0.7ஐத் தொடவில்லை. 5ஆம் கேள்விக்கும் மற்றவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி எடுத்த ரீடெஸ்ட்டும் சொதப்பல், மதிப்பெண் மாறிவிட்டது. கைடு, "அஞ்சாவதைத் தூக்கிடும்மா, ஆல்ஃபா ஏறிடும்" என்கிறார். தூக்கலாமா?

வைகைக்கரை: தூக்காதீங்கம்மா. 6 கேள்வி ஆகிவிட்டால் 28க்குப் போட்ட எந்த மதிப்பெண்ணோடும் ஒப்பிட முடியாது. 5ஆம் கேள்வியை எப்படி எழுதியிருக்கிறீர்கள்?

வெள்ளைக்கோட்டு: "பீதித் தாக்கத்தின்போது ஏற்படும் உடல் உணர்வுகளைத் தூண்டக்கூடிய செயல்களை (மாடி ஏறுதல், காபி அருந்துதல், வெந்நீர்க் குளியல்) தவிர்த்தீர்களா?"

வைகைக்கரை: இதை உங்க அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். முட்டி வலியால் மாடி ஏறாதவர் 'ஆமாம்' போடுவார். சர்க்கரைக்குப் பயந்து காபியை விட்டவரும் போடுவார். இந்தக் கேள்வியின் உயிரே 'அன்னைக்கு மாதிரி மறுபடி ஆயிடுமோ' என்கிற பயம்தான். உங்கள் வாக்கியத்தில் பயம் என்ற சொல்லே இல்லையே!

திருப்பி மொழிபெயர்த்தவர்கள் படித்தவர்கள். 'உடல் உணர்வு' என்றதும் மூலத்தில் என்ன இருந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஓ.பி. வரிசையில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? ஐந்தாறு பேரிடம் உட்கார்ந்து, "இதுல என்ன கேக்குறாங்க, உங்க வாயால சொல்லுங்க" என்று கேளுங்கள்.

அப்படியே, எத்தனை தடவை பீதி தாக்கியது என்று கேட்கும் 1ஆம் கேள்வியையும் பாருங்கள். வெறும் 'படபடப்பு' என்று போட்டிருந்தால், மாட்டுத்தாவணியில் பஸ்ஸைத் தவறவிட்டவனும் அதை எண்ணுவான்.

பரங்குன்றத்தான்: ரீடெஸ்ட்டில் ஒரு சந்தேகம். அந்த இரண்டு வாரத்தில் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்களா?

வெள்ளைக்கோட்டு: பாதிப் பேருக்கு ஆரம்பித்துவிட்டார்கள் சார்.

பரங்குன்றத்தான்: பிறகெப்படி மதிப்பெண் அப்படியே இருக்கும்? கேட்பதே கடந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான். குணமாகிறவருக்குக் குறைந்தால் அளவுகோல் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். மருந்து மாறாமல் ஒரே நிலையில் இருப்பவர்களை மட்டும் ரீடெஸ்ட்டுக்கு எடுங்கள். இன்னொன்று, 6ஆவது கேள்வி, நோயால் வேலை கெடுவதைப் பற்றியது. அதில் வீட்டு வேலையும் சேரும். 'வேலைக்குப் போகலை' என்று 0 போட்ட இல்லத்தரசிகள் எத்தனை பேர், எண்ணிப் பாருங்கள்.

வெள்ளைக்கோட்டு: ஆறு பேரிடம் உட்கார்ந்தேன். முதலில் ஒரு பூக்கார அம்மா. பழைய கேள்வியைப் படித்துவிட்டு, "காபி எனக்குப் பிடிக்காதும்மா" என்று 0 போட்டார். கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "நெஞ்சு அடிச்சாலோ மூச்சு வாங்கினாலோ திரும்ப அந்த மாதிரி வந்துடுமோன்னு பயந்து எதையாவது செய்யாம விட்டீங்களா?" சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா. பூக்கூடையைத் தூக்குறதே இல்ல. தூக்கினா நெஞ்சு திக்குதிக்குன்னு அடிக்கும்ல? இப்ப மகன்தான் தூக்குறான்." உடனே 3.

6ஆவதில் நீங்கள் சொன்னதேதான் சார். சமையலைப் பாதியில் விட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிற அக்கா ஒருவர் 0 போட்டிருக்கிறார்.

புது வாசகத்தோடு இன்னும் 20 பேரிடம் எடுத்து, பழைய 30ஓடு சேர்த்துவிடலாமா?

வைகைக்கரை: கூடாதும்மா. கேள்வி மாறிப்போச்சு, பழைய 30ஐச் சேர்க்க முடியாது. எத்திக்ஸ் கமிட்டிக்கு மாற்றத்தை எழுதிக் கொடுத்து, ஒப்புதல் வந்ததும் முதல் ஆளிலிருந்து புதிதாக எடுங்கள்.

வெள்ளைக்கோட்டு: சரி சார், கமிட்டிக்கு நாளைக்கே எழுதுகிறேன். கைடிடம் யார் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை.