ரெசிஸ்டர் போட்டா எல்இடி எரியவே மாட்டேங்குது

கேள்வி:
பொண்ணோட ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு 9 வோல்ட் பேட்டரில ஒரு சிவப்பு எல்இடி எரியணும், அவ்ளோதான். முதல்ல பேட்டரில நேரா வச்சேன், பளிச்னு எரிஞ்சு பியூஸ் போயிடுச்சு. கரண்ட்ட குறைக்க ரெசிஸ்டர் போடணும்னாங்க, கடைல 330 ஓம்ஸ்னு கேட்டு பத்து வாங்கிட்டு வந்து ப்ரெட்போர்டுல (சால்டர் பண்ணாம சொருகற ஓட்டை போர்டு) மாட்டினா இப்ப எரியவே இல்ல, கையால மறைச்சுப் பாத்தா உள்ள லேசா ஒரு புள்ளி தெரியுது. ப்ளஸ் பக்கம் போட்டிருக்கேன், மைனஸ் பக்கம் போடணுமா? ரெசிஸ்டர திருப்பிப் போட்டும் பாத்துட்டேன். திங்கக்கிழமை எக்ஸிபிஷன், கொஞ்சம் சொல்லுங்க.

பதில் 1:
எந்தப் பக்கம் போட்டாலும் ஒண்ணுதான், வரிசையா இருக்கறதால ரெண்டுலயும் ஒரே கரண்ட் தான் ஓடும். ரெசிஸ்டருக்கு ப்ளஸ் மைனஸ் கிடையாது, எல்இடிக்குத்தான் நீளமான கால் ப்ளஸ். லேசா எரியுதுன்னா கனெக்‌ஷன் சரி, வேல்யூ தான் தப்பு. ரெசிஸ்டர் மேல இருக்கற கோடெல்லாம் என்ன கலர்? 330ன்னா ஆரஞ்சு, ஆரஞ்சு, ப்ரவுன், கடைசில கோல்டு.

கேட்டவர்:
ராத்திரி ட்யூப்லைட்ல மூணாவது ப்ரவுன் மாதிரிதான் இருந்துச்சு, இப்ப வாசல்ல வெயில்ல வச்சுப் பாத்தா மூணுமே ஆரஞ்சு!

பதில் 1:
அப்ப அது 33 கே, அதாவது 33,000 ஓம்ஸ். மூணாவது கோடு எத்தன சைபர்னு சொல்லுது, ப்ரவுன்னா ஒண்ணு, ஆரஞ்சுன்னா மூணு. சிவப்பு எல்இடி சுமாரா 2 வோல்ட் எடுத்துக்கும், மிச்சம் 7 வோல்ட் ரெசிஸ்டர் மேல விழும், 7ஐ 33,000ஆல வகுங்க, 0.2 மில்லிஆம்ப் தான் வருது, அதான் அந்தப் புள்ளி. 330 போட்டா 21 வரும், சாதாரண எல்இடிக்கு 20 தான் லிமிட், அதனால 470 வாங்குங்க (மஞ்சள், வயலட், ப்ரவுன்). 15 மில்லிஆம்ப்ல நல்லாவே எரியும், பேட்டரியும் கூடக் கொஞ்சம் நிக்கும்.

பதில் 2:
கலர மட்டும் நம்பாதீங்க, கடைல டப்பா மாறிப்போறது சகஜம். மல்டிமீட்டர் இருந்தா ப்ரெட்போர்டுல இருந்து கழட்டி அளந்துட்டு மாட்டுங்க. 2 கே ரேஞ்சுல வச்சு இடது ஓரத்துல வெறும் 1 காட்டுச்சுன்னா வேல்யூ அத விட பெருசுன்னு அர்த்தம், ரேஞ்ச ஏத்துங்க.

கேட்டவர்:
470 போட்டாச்சு, சூப்பரா எரியுது, ரொம்ப நன்றி. பொண்ணு இப்ப மூணு எல்இடி வேணும்ங்கறா, அதே 470 போதுமா?

பதில் 1:
மூணையும் வரிசையா கோர்த்தா எல்இடியே 6 வோல்ட் எடுத்துக்கும், மிச்சம் 3 தான். 470ல 6 மில்லிஆம்ப், எரியும் ஆனா கொஞ்சம் டல்லா. 220 போடுங்க, ரெட், ரெட், ப்ரவுன். வெயில்ல பாத்து வாங்குங்க.