கருத்துதான் கலை என்றால் பொருள் எதற்கு?

நீர்வண்ணம் (கேள்வி)

நான் நீர்வண்ணத்தில் வரைபவன். கருத்தியல் கலையை, அதாவது செய்த பொருளைவிட அதன் பின்னுள்ள கருத்தை முதன்மையாக வைக்கும் கலையை, புரிந்துகொள்ள முயல்கிறேன், ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

கலைஞர் ஃபீலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரெஸ் 1991இல் செய்த மிட்டாய்க் குவியலைப் பற்றிப் படித்தேன். சுவரோரம் வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்கள் கொட்டிக் கிடக்கும், வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு எய்ட்ஸ் நோயால் இறந்த அவருடைய காதலர் ராஸின் உருவப்படமாம் அது. விளக்கத்தைப் படித்தபோது மனம் கனத்தது. ஆனால் குவியலின் படத்தைப் பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் அந்த விளக்கத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் போதாதா?

இன்னொன்று. புலம்பெயர்ந்த கலைஞர்கள் யாரைத் தேடினாலும் படைப்புக்குப் பக்கத்தில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் படைப்பு தனியாக நிற்குமா? மட்டம் தட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

விறாந்தை

நான் கட்டட வரைபடம் வரைந்து பிழைப்பவள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதிலேயே வெளியே வந்த குடும்பம். உங்கள் இரண்டு கேள்விகளும் எனக்கு நெருக்கமானவை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு ஒரு சோதனை உண்டு. பொருளை மாற்றிப் பாருங்கள். மிட்டாய்க்குப் பதில் அதே எடைக்குக் கூழாங்கல் கொட்டினால் என்ன ஆகும்? சிலர் ஒன்றிரண்டு எடுப்பார்கள், யாரும் வாயில் போட மாட்டார்கள். அந்தக் குவியலுக்குக் குறித்த எடை 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. நோயில்லாத ஒரு ஆணின் உடல் எடை. நீங்கள் ஒன்றை எடுக்கும்போது அந்த உடல் அவ்வளவு குறைகிறது, எடுத்தது உங்கள் நாக்கில் கரைகிறது. குறைந்ததை மறுபடி நிரப்பலாம். படைப்பை வைத்திருப்பவர் நிரப்பாமலும் விடலாம், அந்த முடிவு அவர் கையில். தாளில் எழுதியதைப் படித்து நீங்கள் வருந்தலாம். ஆனால் அந்த மனிதர் குறைவதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதைத் தாள் உங்கள் கையில் வைக்காது. படத்தில் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்றீர்களே, அது இயல்புதான். அந்தப் படைப்பில் பார்ப்பது பாதி வேலைதான்.

1967இல் அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் கருத்தியல் கலை பற்றி எழுதிய கட்டுரையில் கருத்தே கலையை உண்டாக்கும் இயந்திரம் என்றார். இயந்திரம் என்றால் அது ஓட வேண்டும். அது ஓடும்போது நமக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

வாழ்க்கைக் குறிப்பு பற்றி. சிகாகோ கலை அருங்காட்சியகத்தில் இதே மிட்டாய்ப் படைப்புக்கு வைத்த குறிப்பில் 2022இல் ராஸும் எய்ட்ஸும் இல்லாமல் போனார்கள். சராசரி உடல் எடை என்பதோடு நின்றது. பார்த்தவர்கள் கடுமையாக எதிர்த்த பிறகு குறிப்பைத் திருத்தினார்கள். அவர்கள் எதிர்த்தது சரி என்றே நினைக்கிறேன். மிட்டாயும் எடையும் அப்படியே இருந்தன, ஆனால் யாருடைய உடல் என்பது போய்விட்டது. சில படைப்புகளுக்கு அந்தக் குறிப்பு வெளியே ஒட்டிய விளக்கமாக இருப்பதில்லை, பொருளில் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

கலைஞர் மோனா ஹட்டூம் வேறு வகை. பாலஸ்தீனப் பெற்றோருக்கு 1952இல் பெய்ரூத்தில் பிறந்தவர். 1975இல் லண்டனுக்குப் போயிருந்தபோது லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கியது, திரும்ப முடியவில்லை. 1996இல் ஜெருசலேமில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிவ எண்ணெய்ச் சவர்க்காரக் கட்டிகளை, பாலஸ்தீன நகரான நாப்ளஸில் செய்தவற்றை, தரையில் அடுக்கி, இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்த ஒஸ்லோ உடன்படிக்கையின் நிலப் பங்கீட்டு வரைபடத்தைச் சிவப்புக் கண்ணாடி மணிகளால் அவற்றில் பதித்தார். அங்கே வந்த பாலஸ்தீனர்கள் அந்த மணத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அவர்களுக்குக் குறிப்பு தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது என்றால் குறை படைப்பில் இல்லை, நாம் அந்த ஊர்க்காரர் இல்லை, அவ்வளவுதான்.

விளக்கம் மட்டும் போதாது என்று நான் நம்புவதற்குக் காரணம் கலைஞர் தா. சனாதனன். அவர் புலம்பெயர்ந்தவர் இல்லை, யாழ்ப்பாணத்திலேயே இருப்பவர். 2011இல் வந்த அவருடைய ‘இன்கம்ப்ளீட் தோம்பு’ (முடிவடையாத தோம்பு) புத்தக வடிவில் இருக்கும் கலைப்படைப்பு. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. போரில் வீட்டை விட்டுப் போனவர்களிடம் அந்த வீட்டின் தள வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவர்கள் வரைந்தது ஒன்று, அதைக் கட்டடக்கலைஞர் ஒழுங்காக வரைந்தது ஒன்று, சனாதனனின் ஓவியம் ஒன்று என்று வருகிறது. நான் தினமும் செய்யும் வேலையே இது. அளவு எடுத்த வரைபடத்தில் கிணறு ஒரு சிறு வட்டம். அம்மாவிடம் எங்கள் வீட்டை வரையச் சொன்னேன். கிணத்தடியை விறாந்தையைவிடப் பெரிதாக வரைந்தார், குசினிக்குப் பின்னால் இருந்த முருங்கையையும் விடவில்லை. முன்னறைக்கு எத்தனை யன்னல் என்று கேட்டால் தெரியவில்லை. அந்தத் தாளை வைத்து யாரும் வீடு கட்ட முடியாது. ஆனால் அங்கே ஒரு பெண் ஒரு நாளை எங்கே கழித்தாள் என்று அது சொல்கிறது. “அம்மாவுக்கு ஊர் நினைவு அதிகம்” என்று நான் எழுதியிருந்தால் இது வந்திருக்காது.

பருத்தி

விறாந்தை சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். வாழ்க்கைக் குறிப்பு கலைஞரின் கழுத்தில் சுமையாகவும் ஏறுகிறது. நீ எங்கிருந்து வந்தாய் என்பதையே திரும்பத் திரும்பச் செய்து காட்டு என்று காட்சிக்கூடங்கள் எதிர்பார்க்கின்றன.

கலைஞர் யின்கா ஷோனிபாரே அதற்குக் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடிக்கும். லண்டனில் பிறந்து நைஜீரியாவின் லாகோஸில் வளர்ந்தவர். ‘ஆப்பிரிக்கத் துணி’ என்று எல்லோரும் நினைக்கும் பூப்போட்ட துணியில் ஐரோப்பியப் பிரபுக்களின் உடைகளைத் தைத்தார். அந்தத் துணி மெழுகு வைத்துச் சாயமிடும் இந்தோனேசிய பாத்திக்கைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் அடித்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றது. அவர் வாங்கியது லண்டன் பிரிக்ஸ்டன் சந்தையில். உன் அடையாளம் என்ன என்று கேட்டவர்களிடம் துணியின் வரலாற்றையே நீட்டிவிட்டார்.

நீர்வண்ணம்

கூழாங்கல் சோதனை எனக்குப் பிடிபட்டது. ஆனால் கையால் வரையும் என்னைப் போன்றவனுக்கு இதில் நுழைய வாசல் உண்டா? யாரிடமிருந்து தொடங்கலாம்?

விறாந்தை

பருத்தி, நீங்கள் சொன்ன சுமை உண்மை. குறிப்பு இல்லாமல் வரும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும்.

நீர்வண்ணம், சரீனாவிடமிருந்து தொடங்குங்கள். 1937இல் அலிகரில் பிறந்தவர். பிரிவினைக்குப் பல ஆண்டுகள் கழித்து, 1959இல், பெற்றோர் பாகிஸ்தான் போனார்கள். இவர் பல நாடுகளில் வாழ்ந்து நியூயார்க்கில் தங்கினார், 2020இல் லண்டனில் இறந்தார். மரத்தைச் செதுக்கி மையிட்டுத் தாளில் அச்செடுக்கும் வேலை, கை நுட்பத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. வாசல், முற்றம், எல்லை என்று வீட்டைச் சுற்றிய 36 மரச்செதுக்கு அச்சுகளை 1999இல் செய்தார். அதற்கு முன் 1994இல் அப்பாவின் வீட்டைத் தள வரைபடமாகவே அச்செடுத்து, அறைகளின் பெயர்களை உருதுவில் எழுதினார். எல்லாம் கறுப்புக் கோடுதான், ஆனால் கோட்டின் தடிப்பைக் கவனியுங்கள், ஓரிடத்தில்கூட அவசரம் தெரியாது.

அப்புறம் பாலஸ்தீனக் கலைஞர் எமிலி ஜாசிர். பாலஸ்தீனத்தில் எங்காவது உங்களுக்காக நான் ஒன்று செய்யலாம் என்றால் என்ன செய்யட்டும் என்று அங்கே போக முடியாத பாலஸ்தீனர்களிடம் கேட்டார். தன் அமெரிக்கக் கடவுச்சீட்டோடு போய் அவற்றைச் செய்து படம் எடுத்து வைத்தார். ஒருவர் ஜெருசலேமில் இருக்கும் தன் தாயின் கல்லறையில் பிறந்தநாளன்று பூ வைக்கச் சொன்னார். இன்னொருவர் ஹைஃபாவில் கண்ணில் படும் முதல் பாலஸ்தீனச் சிறுவனோடு பந்து விளையாடச் சொன்னார். அதில் வரைந்த கோடு ஒன்றுகூட இல்லை, அதனால் இவரை இரண்டாவதாகப் பாருங்கள். சரீனாவைப் பார்த்துவிட்டு வந்தால் தூரம் அதிகம் தெரியாது.