எரிகல் பொழிவு: ஆகஸ்டில் வருவதா, டிசம்பரில் வருவதா?

கேள்வி (பள்ளத்தூர்க்காரர், பெங்களூரிலிருந்து):
பள்ளத்தூரில் எங்கள் ஐயா கட்டிய வீட்டின் மொட்டை மாடியில் படுத்தபடி, என் பத்து வயது மகளுக்கு ஒரு முறையாவது எரிகல் பொழிவைக் காட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 2026இல் ஒரு முறைதான் விடுப்புக் கிடைக்கும். ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் வரும் பெர்சீட்ஸுக்கு வருவதா, டிசம்பர் 14ஐ ஒட்டி வரும் ஜெமினிட்ஸுக்கு வருவதா? டிசம்பர் மழையை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது.

பதில் (காரைக்குடி):
டிசம்பரில் வாருங்கள். நிலவைப் பொறுத்தவரை இரண்டுமே நல்ல வாய்ப்புகள்தாம்: ஆகஸ்ட் 12 அமாவாசை; டிசம்பரில் அமாவாசை 9ஆம் தேதியோடு முடிந்துவிடுவதால், 14ஆம் தேதிப் பிறை இரவு பத்தரை மணியளவில் மறைந்துவிடும். வேறுபாடு நம் ஊர் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. பெர்சீட்ஸ் எரிகற்கள் புறப்படுவதுபோல் தோன்றும் புள்ளி வானின் வடகோடியில் இருப்பதால், 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் நமக்கு அது இரவு பதினொரு மணியளவில்தான் எழுகிறது. விடியும் வேளையில்கூட 40 டிகிரி உயரத்தையே எட்டுகிறது. மணிக்கு நூறு என்று செய்திகளில் வரும் எண்ணிக்கை, அந்தப் புள்ளி உச்சிக்கு மேலேயும் வானம் முழு இருட்டாகவும் இருந்தால் என்று போட்ட கணக்கு.

ஜெமினிட்ஸின் புள்ளி, புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களில் ஒன்றான கேஸ்டருக்கு அருகில் இருக்கிறது. அது இரவு எட்டு மணிக்கு முன்பே எழுந்து, இரண்டு மணியைத் தாண்டியதும் 67 டிகிரி உயரத்தில் நிற்கும். பெர்சீட்ஸ் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் பாய, இவை 35 கிலோமீட்டர் வேகத்தில்தான் வருகின்றன, ஆகவே "அதோ!" என்று நீங்கள் சொல்லி மகள் திரும்பும்போதும் சில கோடுகள் அணையாமல் இருக்கும். இவற்றின் தாய், 1983இல் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்னும் சிறுகோள்.

பதில் (தேவகோட்டை):
மழையைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானதே. வடகிழக்குப் பருவமழை அப்போது முழுதாக விலகியிருக்காது. எனவே ஒரே இரவை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காமல், 14ஆம் தேதி இரவை முதன்மையாக வைத்துக்கொண்டு 13, 15 ஆகிய இரவுகளுக்கும் தங்குங்கள். சில ஆண்டுகளுக்கு முன் மேகம் மூடியிருக்கிறதே என்று நாங்கள் பதினொரு மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டோம். ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த என் அப்பத்தா, முற்றத்துக்கு மேலே விண்மீன்கள் தெரிவதைக் கண்டு எல்லோரையும் எழுப்பினார். ஈரம் காயாத தளத்தில் தார்ப்பாய் விரித்து, அடுத்த ஒரு மணி நேரத்தில் இருபத்தேழு எண்ணினோம்.

முற்றத்திலிருந்தே பார்த்துவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அங்கே தெரிவது சதுரமாக ஒரு துண்டு வானம்தான். மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் படுத்தால், தெருவிளக்கைச் சுவரே மறைத்துவிடும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும் என்பதால், அதுவரை கைப்பேசியை எடுக்காதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பும் அந்த வாரத்தில்தான் அமைகிறது என்று அம்மா சொல்கிறார். 12ஆம் தேதி கிளம்பி 16 வரை ஊரில் இருப்போம். மகளை மாலையிலேயே தூங்கவைத்து, பிறை மறைந்ததும் எழுப்பிக்கொள்கிறேன்.