கடற்கரையில் கோழி, ஆடு, மாடு வளர்ப்போர் அனுபவம்: புழுக்கமும் உப்பும்

மரக்காணம் முட்டைக்காரர்:
நாமக்கல், பல்லடம் பக்கத்து யோசனைகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதிதான் பலிக்கிறது. அங்கே காய்கிற வெயில், இங்கே புழுக்கம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றிலேயே ஈரம் மண்டிக் கிடந்தால் எவ்வளவு இளைத்தாலும் பெரிய பலன் இருக்காது. அக்னி நட்சத்திரத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று பலமாக அடித்து, கடல்காற்று இறங்கத் தாமதமாகும் நாள்கள்தான் ரொம்ப மோசம்.

ஒரு டீலர் பேச்சை நம்பிக் கொட்டகை முழுக்கத் தண்ணீரைப் பனிபோலத் தூவும் ஃபாகர் மாட்டினேன். காய்ந்த காற்றில் அந்தப் பனித்துளி ஆவியாகிக் குளிர்ச்சி தரும். இங்கே அது ஆவியாகாமல் தரையில் பரப்பிய கூளத்தில்தான் இறங்கியது. கூளம் நசநசவென்றாகி, கண் எரியும் அளவுக்கு அம்மோனியா நெடி, அப்புறம் ரத்தக்கழிச்சல். இப்போது ஃபாகர் பரணில் கிடக்கிறது. கோழி நிற்கும் உயரத்துக்கே இறக்கிக் கட்டிய மின்விசிறிதான் கைகொடுக்கிறது.

தீவனத்தைக் காலை 10 மணிக்குள் முடித்துவிடுவேன். இரை செரிக்கும்போதும் உடம்பு சூடாகும், அது உச்சி வெயிலோடு சேரக் கூடாது. மறுபடி வெயில் தாழ்ந்துதான் தீவனம்.

கொண்டல் முட்டைக்கடை:
மே மாதம் முட்டை ஓடு மெலிந்து, தட்டில் அடுக்கும்போதே கீறல் விடுகிறதே, கால்சியம் குறைவா?

மரக்காணம் முட்டைக்காரர்:
தீவனத்தில் குறைவில்லை அண்ணே. இளைக்கும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு நிறைய வெளியே போய்விடுகிறது. ஓடு கால்சியம் கார்பனேட்தானே, அதற்கு வேண்டிய கார்பனேட் பக்கம் தட்டுப்பாடு. போதாததற்குத் தீனியும் குறைகிறது. ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் கட்டும். அதனால் மாலையில் கிளிஞ்சலை மாவாக அரைக்காமல் நொறுக்கித் தனித் தட்டில் வையுங்கள். பெரிய துண்டு இரைப்பையில் மெல்லக் கரைந்து ராத்திரி முழுக்கக் கால்சியம் கொடுத்துக்கொண்டே இருக்கும். சோடா உப்பும் நல்லதுதான், ஆனால் உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வேதாரண்யம் நாட்டுக்கோழி:
அந்தத் தண்ணீர் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் கோடை முற்றும்போது உப்பு ஏறும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 3000-ஐத் தாண்டினால் கோழி தண்ணீராகக் கழியும். நோய் என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பவர்கள்தான் ஊரில் அதிகம். தண்ணீரில் உப்பு, மலிவான கருவாட்டுத்தூளில் உப்பு, கலப்புத் தீவனத்திலும் உப்பு: மூன்றையும் கூட்டிப் பார்க்கிற ஆளைக் காணோம். கருவாட்டுத்தூள் வாங்கும்போது ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குவேன். அடியில் மணல் தங்கினால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். உப்பு அப்படித் தெரியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினால் அளவு சொல்வார்கள்.

பூஞ்சணத்துக்கும் அங்கேயே பார்க்கலாம். ஐப்பசி மழையில் வாங்கிய மக்காச்சோளம், கடலைப்புண்ணாக்கு இரண்டையும் நான் நம்புவதே இல்லை. வெயிலில் உலர்த்தினால் பூஞ்சணம் உதிரும், அது விட்ட அஃப்ளாடாக்சின் நஞ்சு அப்படியே இருக்கும். செத்த கோழியை அறுத்தால் ஈரல் மஞ்சளாக வீங்கி, விரல் பட்டால் உடைகிறதா, முதலில் தீவன மூட்டையைப் பாருங்கள். வாத்து வைத்திருப்பவர்கள் இன்னும் உஷார், அது கோழியைவிட வெகு சீக்கிரம் சாகும்.

தொண்டி ஆட்டுக்காரர்:
கோழிக்காரர்கள் நடுவே ஒரு செம்மறிக் கதை. எங்களுக்கு வெயிலைவிட மழைதான் எமன். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் தேங்கிய சேற்றில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத கடிபூச்சி பெருகும். நீலநாக்கு நோய் அதன் மூலம்தான் வருகிறது. ஒட்டி நிற்பதால் ஓர் ஆட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது. ஆனால் பூச்சி எல்லா ஆட்டையும் கடிக்குமே! உதடு தடித்து, எச்சில் ஒழுகி, மூக்கில் பொருக்குக் கட்டும். குளம்பு ஓரம் சிவந்து நொண்டும். வாய்ப்புண்ணால் புல் இறங்காது, கிடந்த இடத்தில் பட்டினியாகவே பாதி போய்விடும். கம்பங்கூழைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டித்தான் பல ஆடுகளை மீட்டேன். இந்த நோய்க்கு 5 வகை வைரஸுக்குச் சேர்த்து ஒரே தடுப்பூசி வந்திருக்கிறது. மழைக்கு முன்பே போட வேண்டும், நோய் வந்த பிறகு ஓடிப் பயனில்லை. பூச்சி அந்தி முதல் விடியும்வரைதான் அதிகம் கடிக்கும் என்பதால், பட்டியை மேட்டுக்கு மாற்றிச் சாயங்காலம் வேப்பிலைப் புகை போடுகிறேன்.

தலைஞாயிறு மாட்டுக்காரன்:
எங்களிடம் உம்பளச்சேரி நாட்டு மாடு. கன்று செம்பட்டையாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். சேற்று உழவுக்கும் உப்பு மண்ணில் முளைத்த புல்லுக்கும் பழகிய இனம். ஜெர்சி கலப்பு மதியம் வாயைப் பிளந்து இளைக்கும்போது இது வெயிலில் மேய்ந்துகொண்டிருக்கும். பால் குறைவுதான், அதை மறைக்க வேண்டாம். வீட்டுக்குப் போதும்.

மரக்காணம் முட்டைக்காரர்:
தொண்டி அண்ணே, ஆட்டுக்கொல்லி (பிபிஆர்) நோய்க்கான ஊசியும் நீலநாக்கு ஊசியும் ஒரே நாளில் போடலாமா?

தொண்டி ஆட்டுக்காரர்:
நான் இடைவெளி விட்டுத்தான் போடுவேன். உங்கள் மருந்தக டாக்டரிடம் இப்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் தம்பி, மழை நெருங்கினால் மருந்தகத்தில் ஊசி கிடைப்பதே பாடாகிவிடும்.